மாப்பிள்ளைக் கடலை

சுற்றிலும் இருந்த கடலைச் செடிகள் எல்லாம் மத்தியான வெயிலில் இலைகளை மடித்துச் சுருண்டு நிற்க, ஒரு ரகம் மட்டும் விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி இலையை விரித்துக்கொண்டு நின்றால் சந்தேகம் வருமா, வராதா? பண்ணை மேலாளருக்கு வந்தது. அவருக்கு இதைவிடச் சின்ன விஷயங்களுக்கே வரும். தேநீர் ஆறியிருந்தால், கொண்டுவந்தவர் வழியில் யாரிடம் நின்று பேசியிருப்பார் என்று யோசிக்கிற ஆள் அவர்.

பண்ணையில் அவருக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். "மோப்பம் வருது" என்று வரப்போரத்தில் ஒரு குரல் கேட்டால் போதும், நிமிர்ந்து கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் குனிந்து களை பிடுங்குவார்கள். அது அவருக்கும் தெரியும். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

அது எண்ணெய் வித்துக்களை ஆராய்கிற பண்ணை. வறண்ட நிலத்தில் தாக்குப்பிடிக்கும் கடலை எது என்று கண்டுபிடிப்பது அந்த வருடத்து வேலை. செய்முறை கொஞ்சம் கல்நெஞ்சு உள்ளது. எல்லா ரகங்களையும் இரண்டு வயல்களில் விதைப்பார்கள். ஒரு வயலுக்குக் கடைசிவரை தண்ணீர் உண்டு. இன்னொன்றுக்கு, செடி பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கத் தொடங்கும்போது தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடுவது மாதிரி. நடுவில் மழை வந்துவிட்டால்கூட விடமாட்டார்கள். தண்டவாளத்தில் ஓடும் பெரிய கூரை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வயலை மூடிவிடுவார்கள். அந்தப் பட்டினியிலும் எது நிறைந்த காய் காய்க்கிறதோ அதுதான் ஜெயித்த ரகம். யாருக்கும் ஓரவஞ்சனை இருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ரகத்தையும் வயலில் நான்கு இடங்களில், சீட்டுக் குலுக்கிப் போட்டு, பிரித்துப் பிரித்து விதைத்திருந்தார்கள்.

நான்கு இடத்திலும் அந்த ஒரே ரகம்தான் பச்சையாக நின்றது. ஒரு மூலையில் மட்டும் நின்றிருந்தால் ஏதோ கசிவு என்று விட்டிருப்பார். நான்கு இடத்தையும் தேடித் தேடி யாரோ தண்ணீர் காட்டுகிறார்கள் என்றால், எந்தப் பாத்தியில் எது இருக்கிறது என்று தெரிந்த ஆள்தான் காட்ட வேண்டும்.

அந்த ரகத்தை உருவாக்கியவர் அவருடைய மாப்பிள்ளை.

ஆமாம், சொந்த மாப்பிள்ளைதான். ஒரே மகளின் புருஷன். பண்ணையில் விதை ஆராய்ச்சியாளர். அலுவலகத்தில் மாமனாரை "சார்" என்பார், வீட்டில் "மாமா" என்பார், ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. வேலைக்காரர்கள் அந்த ரகத்துக்கு 'மாப்பிள்ளைக் கடலை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணப் பேச்சு நடந்த நாளில் வந்தவர்கள் எல்லாரும் கூடத்தில் இருக்க, மேலாளர் மட்டும் வாசலுக்குப் போய் மாப்பிள்ளையின் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தாராம். "அடி எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாத்தா ஆளு எப்படி நடக்கிறவன்னு தெரிஞ்சிடும்" என்றாராம். இடது குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. தேர்ச்சி கொடுத்துவிட்டார். அந்தக் கதையைச் சொல்லி மகள் இன்றுவரை மானத்தை வாங்குவாள்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுச் சொன்னால், அவருடைய சந்தேகத்துக்கு இந்தத் தடவை ஒரு காயம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் இதே வயலில் வேறொரு ரகம் இதே மாதிரி பச்சையாக நின்றது. எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவரும் ஆடினார். மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருக்கும் தன் தங்கையிடம், "கண்ணை மூடிக்கிட்டுப் போடும்மா, நான் சொல்றேன்" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். பிடுங்கிப் பார்த்தபோது காய் இருந்தது. காய்க்குள் ஒன்றும் இல்லை. நிலம் முழுக்கப் பொக்கு. பிறகுதான் தெரிந்தது, சோதனை வயலில் அந்த ரகத்துக்கு அடியில் பழைய குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்தது என்று. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தங்கையின் நிலத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது?

இப்போது அவள் நிலத்துப் பக்கத்தில் செங்கல் சூளை வந்துவிட்டது. சூளைக்காரர் மண்ணை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மேல்மண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டால் அப்புறம் அங்கே கோரைகூட முளைக்காது. "இன்னொரு தடவை பொக்கு விழுந்தா குடுத்துடுவேண்ணா. இந்தத் தடவை உன் பண்ணையிலேர்ந்து நெஜமான விதை வருமா, வராதா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டிருந்தாள். வரும் என்று சொல்ல அவருக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

வால்வுப் பெட்டியிலிருந்து தொடங்கினார். பண்ணைத் தண்ணீர் எல்லாம் அந்த ஒரு இரும்புப் பெட்டி வழியாகத்தான் பிரியும். போய்ப் பார்த்தால் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. தன்னிடமிருந்த சாவியைப் போட்டுப் பார்த்தார், நுழையக்கூட இல்லை. பம்ப்காரரைக் கூப்பிட்டார்.

"இந்தப் பூட்டு எப்ப மாறிச்சு?"

"கொஞ்ச நாளாச்சு சார்."

"யார் மாத்தினது?"

பம்ப்காரர் தலையைச் சொறிந்தார். "மாப்பிள்ளை சார்தான். சாவியும் அவர்கிட்டதான் இருக்கு. தண்ணி திறக்கணும்னா அவரே வந்து திறந்துவிடுறார்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உமக்கு?"

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதானே சார் சொன்னார்."

 திருட்டைப் பிடித்தால் மேலாளருக்கு வழக்கமாக ஒரு குஷி வரும். இந்தத் தடவை வரவில்லை. மாப்பிள்ளையை அவருக்குப் பிடிக்கும். மனைவி இறந்த பிறகு ராத்திரிச் சாப்பாடு மகள் வீட்டில்தான். அவர் கை கழுவி வரும்வரை மாப்பிள்ளை தட்டில் கை வைக்கமாட்டார். அப்படிப்பட்ட பிள்ளை எதற்காக இப்படிச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். உடனே இன்னொரு நினைப்பும் வந்தது: அவ்வளவு மரியாதை எதற்கு?

அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை சீக்கிரமே எழுந்து போய்விட்டார். மகள் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருப்பவள். மேலாளர் தண்ணீர்க் குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"ஏம்மா, மாப்பிள்ளை காலைல எத்தனை மணிக்குக் கெளம்புறார்?"

மகள் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு சம்பந்தமில்லாமல் சிரித்தாள்.

"ஏன்ப்பா?"

"சும்மாதான்."

"நீங்க எதையும் சும்மா கேக்கமாட்டீங்க. அவர்கிட்டயே கேளுங்க."

"நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லாதே."

"கடவுளே!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் பொழப்பு. வீட்டுக்கு வந்தா ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டேங்கிறீங்க."

ஒருத்தரும் என்று ஏன் சொன்னாள் என்பதை மேலாளர் கவனித்திருக்க வேண்டும். எள்ளளவு தடயத்தையும் விடாத மனுஷர், அதை விட்டுவிட்டார். அவள் ஏன் சிரித்தாள் என்பதிலேயே அவர் மூளை போய் மாட்டிக்கொண்டது. இவளும் உடந்தையோ?

மறுநாள் வேலை முடிந்து எல்லாரும் போனபின் பண்ணை அடுப்பறையிலிருந்து ஒரு வாளிச் சாம்பல் எடுத்துவந்தார். கடலைத் தோலை எரித்த சாம்பல், முகப்பவுடர் மாதிரி மெல்லியதாக இருக்கும். சலித்து, பச்சையாக நின்ற நான்கு பாத்திகளைச் சுற்றியும் லேசாகத் தூவிவிட்டார். பூனை நடந்தாலும் தெரியும்.

விடிந்ததும் முதல் ஆளாக வந்து பார்த்தார். பூனை நடக்கவில்லை. மனித அடி நடந்திருந்தது. நான்கு பாத்திகளுக்கும் ஒன்று விடாமல் போயிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அந்த ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அடையாளம், மண்ணில் விரல் விட்டுக் கிளறிய அடையாளம். இடது குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் சாம்பலில் ஆழமாகப் பதியவில்லை. வருடங்களுக்கு முன் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்த அந்தத் தேய்மானத்தை அவர் மறப்பாரா?

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் கண்டுபிடித்தது சரிதான் என்பதில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. மகள் முகம் வந்தது. அதற்குப் பின்னால் தங்கையின் முகமும் வந்தது. எந்த முகத்துக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல், செய்யத் தெரிந்த வேலையைச் செய்தார்: இன்னும் தோண்டித் துருவினார்.

ஆய்வகத்திலிருந்து மண் துளைப்பானைக் கொண்டுவந்தார். திருகி இறக்கினால் ஆழத்து மண்ணை மேலே கொண்டுவரும் கருவி. முதலில் பக்கத்துப் பாத்தியில் இறக்கினார். மேலேயிருந்து கீழேவரை பொடி. கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்தது. பிறகு மாப்பிள்ளைக் கடலைப் பாத்தியில் இறக்கினார். மேல்மண் அதே பொடிதான். ஆழத்து மண்ணைக் கையில் வைத்து அமுக்கியதும் உருண்டையாகப் பிடித்துக்கொண்டது.

மேலே காய்ந்திருக்கிறது, கீழே ஈரமாக இருக்கிறது. வாளியில் ஊற்றினால் மேலே அல்லவா நனையும்? அப்படியென்றால் தண்ணீர் அடியிலேயே வருகிறது. பூமிக்குள் குழாய் பதித்திருக்கிறார்கள். பழைய கசிவுக் குழாயை மறக்காத மனது, இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க மறுத்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டிருந்தது. எழுந்திருக்கும்போது கை ஒரு செடியில் பட்டது. இலை காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. கையை எடுத்துக்கொண்டார். இந்தச் செடிகள் ஆரம்பத்திலிருந்தே மற்றவற்றைவிட ஒரு சுற்றுக் குட்டையாக இருந்ததும் அவருக்குத் தெரியும். அதெல்லாம் குழாயைப் பற்றிய தடயம் இல்லை என்பதால் ஒதுக்கிவிட்டார்.

மறுநாள் தேர்வுக் குழு வருவதாக இருந்தது. வயலைப் பார்த்து, காயைப் பிடுங்கி எடை போட்டு, எந்த ரகத்தை விதைக்குப் பெருக்கலாம் என்று முடிவு சொல்லப்போகிறவர்கள். குழுவை வரவேற்கும் ஏற்பாட்டுக்காக மாப்பிள்ளை காலையிலேயே தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் உஷாராகிவிடுவார், குழாயைப் பிடுங்கிவிடுவார், நாளைக்குக் குழு வந்து பொய்க் கடலைக்கு மாலை போட்டுவிட்டுப் போகும். அப்புறம் எந்தத் தங்கை, எந்த நிலம்?

"மண்வெட்டியை எடுங்கப்பா" என்றார்.

வேலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சார், நாளைக்குப் பெரியவங்க வராங்களே..." என்று ஒருவர் இழுத்தார்.

"அதுக்குத்தான். வெட்டு."

முதல் பாத்தியின் குறுக்கே வெட்டினார்கள். குழாய் இல்லை. ஒரு பாத்தியில் இல்லை என்று விட்டுவிடுகிற ஆளா அவர்? நான்கு இடத்துக்கும் தண்ணீர் போக வேண்டுமென்றால் நான்கையும் இணைக்கிற குழாய் எங்கேயாவது குறுக்கே போயே ஆக வேண்டும். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. முதல் பாத்தியிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு, நடுவில் இருந்த மற்ற ரகங்களையும் சேர்த்து, வயல் முழுக்க ஒரே பள்ளம். மண்வெட்டி விழும்போதெல்லாம் வேர் அறுபடும் சத்தம் கேட்டது. மேட்டில் குவிந்த மண்ணில் அறுந்த செடிகள் இலையோடு கிடந்தன. குழாய் மட்டும் இல்லை. கசியும் குழாயும் இல்லை, கசியாத குழாயும் இல்லை.

நான்காவது பாத்தியை வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். இறங்கியவர் நடந்து வரத் தொடங்கி, பிறகு ஓடி வந்தார்.

"மாமா!" என்று கத்தினார்.

பண்ணைக்குள் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேலைக்காரர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"என்ன மாமா பண்றீங்க? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"குழாய் எங்கே?" என்றார் மேலாளர். குரல் அவர் நினைத்ததைவிடப் பலவீனமாக வந்தது.

"என்ன குழாய்?"

"நடிக்க வேணாம் மாப்பிள்ளை. பூட்டை மாத்தினது நீங்க. என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பம்ப்காரர் வாயை அடைச்சது நீங்க. சாம்பல்ல பதிஞ்சது உங்க செருப்பு. நாலு பாத்திக்கும் போய் மண்ணைக் கெளறிப் பாத்தது நீங்க. அடியில ஈரம் இருக்கு. எப்படி வந்துச்சு?"

 மாப்பிள்ளை மெல்லக் கேட்டார்: "அப்போ... நீங்க விடலையா?"

"எதை?"

"தண்ணி."

"நானா?"

"நீங்கதான் எனக்காக விடுறீங்கன்னு நெனச்சேன் மாமா." மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாம் சாகும்போது என்னோடது மட்டும் எப்படி நிக்கும்? நானே நம்பல. எந்தப் பாத்தியில எது இருக்குன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நான் விடல. அப்போ நீங்கதான்னு முடிவு பண்ணேன். மருமகன் ஜெயிக்கணும்னு பாசத்துல பண்றீங்கன்னு... நேர்ல கேட்டா மனசு கஷ்டப்படுமேன்னுதான் பூட்டை மாத்தினேன். அப்புறமும் பச்சையா நின்னுச்சு. வாளியில கொண்டுவந்து ஊத்துறீங்களோன்னு விடியறதுக்கு முன்னாடியே வந்து மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன்."

மேலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைப் பத்தி அப்படியா நெனைச்சீங்க? இத்தனை வருஷத்துல ஒரு பிடிக் கடலையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேனா நான்? இவ்வளவுதானா என்மேல நம்பிக்கை?" என்று பொரிந்தார். தான் அவரைப் பற்றி அதைவிடக் கேவலமாக நினைத்து வயலையே உழுது வைத்திருப்பது, பாதிப் பேச்சில்தான் நினைவுக்கு வந்தது. வாக்கியத்தை முடிக்காமலே நிறுத்திக்கொண்டார்.

 மாப்பிள்ளையின் பார்வை பள்ளத்துக்குள் போய்விட்டது. சட்டென்று உள்ளே இறங்கினார், வெட்டுப்பட்ட மண் சுவரைத் தடவினார். மற்ற ரகங்கள் நின்ற இடத்தில் சுவர் வெளுத்து உதிர்ந்தது. மாப்பிள்ளைக் கடலை நின்ற இடத்தில் மட்டும் பாதிக்குக் கீழே மண் கறுத்து, தொட்டால் ஒட்டியது. எட்டி ஒரு இலையை விரல்களுக்கு நடுவே பிடித்தார். பக்கத்தில் தண்ணீர் பாயும் வயலுக்கு ஓடிப்போய் அங்கிருந்த வேறொரு செடியின் இலையைப் பிடித்தார். திரும்பி ஓடி வந்து மறுபடியும் இதைப் பிடித்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த முகத்தில் சின்னப் பையனின் களை வந்துவிட்டது.

"சூடா இருக்கு மாமா! தொட்டுப் பாருங்க. தண்ணி குடிக்கிற செடின்னா இலை குளுகுளுன்னு இருக்கும், வேர்க்குற மாதிரி. இது வேர்க்கவே இல்ல. வெயில் ஏறினதும் இலையில இருக்குற துளை வாயை மூடிக்குது. யாரும் தண்ணி விடல மாமா. இது குடிக்கல, அவ்வளவுதான்! தண்ணி இருந்தப்போ மத்ததெல்லாம் மடமடன்னு குடிச்சுக் கொழுத்துச்சு, இது குட்டையாவே நின்னுச்சு. நெலத்துல இருந்த ஈரத்தை அப்பவே மிச்சம் பிடிச்சு அடியில வச்சிருக்கு. இப்போ காய்க்கு எடுத்து எடுத்துச் செலவு பண்ணுது."

"கஞ்சப் பயல்" என்றார் மேட்டில் நின்ற வேலைக்காரர் ஒருவர். அன்றோடு மாப்பிள்ளைக் கடலை என்ற பெயர் போய் 'கஞ்சன்' என்று ஆனது.

மேலாளர் காலடியில் அறுந்து கிடந்த ஒரு செடியை எடுத்தார். விழுதுகளில் காய்கள் தொங்கின. ஒன்றை உடைத்தார். உள்ளே பருப்பு தோலை முட்டிக்கொண்டு நிறைந்திருந்தது. இன்னொன்றை உடைத்தார். அதுவும் நிறைவு. இத்தனை வருடமாக அவர் தேடிய நிஜமான கடலை இதுதான், ஒரு பொய்யும் கலக்காத கடலை. அதைத் தன் கையாலேயே வேரோடு அறுத்துப் போட்டிருக்கிறார். அந்த இடத்திலேயே அவருக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற கவலைகூட இல்லாமல் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பண்ணை இயக்குநர் வந்து பார்த்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "குறுக்க பள்ளம் வெட்டின வயலை எந்த முகத்தோட குழுவுக்குக் காட்டறது? எடை போட்டாலும் செல்லாது. அடுத்த வருஷம் முதல்லேர்ந்து போடுங்க. குழுவை வர வேணாம்னு நான் சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவாகாத ரகத்தின் விதை ஒரு பிடிகூடப் பண்ணை வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காத்து வந்தவரே மேலாளர்தான்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மகள் கரண்டியோடு நின்றபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா என்கிட்ட, 'அவர் காலைல எப்போ போறார்'னு கேட்டார். அவர்கிட்ட சொல்லாதேன்னார். நீங்க என்கிட்ட, 'மாமா காலைல எப்போ வயலுக்குப் போறார்'னு கேட்டீங்க. அவர்கிட்ட சொல்லாதேன்னீங்க. ரெண்டு பேருக்கும் குடுத்த வாக்கைக் காப்பாத்தினேன் பாருங்க, என்னைத்தான் மொதல்ல உதைக்கணும்." தட்டில் சோற்றைப் போட்டாள். "சாப்பிடுங்க. உள்ள எதையும் கலக்கல."

இரண்டு பேரும் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்கள். மேலாளர் கை கழுவி வரும்வரை மாப்பிள்ளை இன்றைக்கும் காத்திருந்தார் என்பது பாதிச் சாப்பாட்டில்தான் அவருக்கு உறைத்தது. 

அப்போது தங்கையின் போன் வந்தது. குழு நாளைக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் கூப்பிடுகிறாள். எடுக்காமல் விடலாமா என்று பார்த்தார். மகள் எட்டி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, விதை வருமா?"

"இந்த வருஷம் வராதும்மா."

"அதுவும் பொய்க் கடலைதானா?"

"இல்லம்மா. அது நெஜம். சத்தியமா நெஜம். நான்தான்..."  மண்வெட்டி, குழாய், பள்ளம் எல்லாவற்றையும் எப்படியோ துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார். "ஒரு வருஷம் பொறுத்துக்கோ. நெலத்தைக் குடுத்துடாதே. என் பேச்சை நம்பு."



"நீ போன தடவையும் இதைத்தான் சொன்னே" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பக்கத்துல மாப்பிள்ளை இருக்காரா? அவர்கிட்ட குடு."

மாப்பிள்ளை எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தார். "சொல்லுங்க சின்னம்மா."

"அந்தக் கடலை நெஜமா?"

"நெஜம் சின்னம்மா. நான் உருவாக்கினதுன்னு சொல்லல. நானும் நம்பாமதான் இருந்தேன். இன்னிக்குப் பள்ளத்துல எறங்கி, மண்ணைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி. இந்த வருஷம் நெலத்தைச் சும்மா போட்டுடுறேன். சூளைக்காரரை அடுத்த வருஷம் வந்து கேக்கச் சொல்றேன்."

மேலாளர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலம் தப்பித்துவிட்டது, அது பெரிய ஆறுதல். ஆனால் கூடப் பிறந்தவன் சத்தியம் செய்து சொன்னது எடுபடவில்லை. நேற்று வந்த மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதும் எடுபட்டுவிட்டது. தான் நம்பாமல் வயலை வெட்டிப் போட்டதைப் பார்த்தபோது அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது.

"மாப்பிள்ளை, அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க" என்றது போன். "சின்ன வயசுல நான் எதை ஊனினாலும், மொளைச்சிருக்கான்னு தெனம் தோண்டிப் பாக்கும் அது. ஒண்ணுகூட மொளைச்சதில்ல. அடுத்த வருஷம் ஊனும்போது, மண்ணைத் தள்ளி மூடினதும் கையை எடுத்துடச் சொல்லுங்க."

"கேட்டுச்சும்மா" என்றார் மேலாளர். இடுப்பில் செருகியிருந்த பண்ணைச் சாவிக்கொத்தை எடுத்து, மாப்பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.